கூத்துக் களரியிற் கமரா

மட்டக்களப்புப் பகுதியிலே கூத்து அரங்கேறும் இரவில் ஊர் உறங்குவதில்லை. ஊர் நடுவே வட்டமாக அமைந்த களரி, அதனைச் சுற்றி நாற்புறமும் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சனம், மத்தளத்துடன் அண்ணாவியார், அவருக்குத் துணையாகச் சல்லரி. முற்காலத்திற் பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும் இக்களரிக்கு ஒளி தந்தன. பின்னர் பெற்றோல்மாக்ஸ் வந்தது. இன்று மின்குமிழ்கள் தொங்குகின்றன. எக்காலத்தும் அந்த ஒளி ஆட்டத்தைக் கண்ணாற் காண்பதற்குப் போதுமானதாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனாற் கமராவுக்கு அது போதுமானதன்று. கூத்தைப் படம்பிடிக்க முனைந்தவர்கள் அனைவரும் முதலிற் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.

சட்டங் கொடுத்த நாள் முதலாகச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கிற் பழகிய ஆட்டம் ஒரே இரவில் அரங்கேறி முடிகின்றது. விடிந்தபின் படங்களை எடுத்துப் பார்க்கும் இளைஞன் காண்பது யாது? களரிக் கம்பத்திற் கட்டிய சோடனை மிகத் தெளிவாக இருக்கின்றது. பின்னாலே அமர்ந்திருக்கும் கிழவியின் முகம் தெளிவாக இருக்கின்றது. நடுவில் ஆடிய தகப்பனாரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெண்ணிறப் புகை போன்ற ஒன்று காணப்படுகின்றது. தகப்பனாருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது; அடுத்த முறை அந்த முடியைத் தாங்கி அவர் ஆடுவாரோ மாட்டாரோ தெரியாது. கூத்துடுப்புடன் அசையாமல் நிறுத்தி எடுத்த படம் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கலாம். அவர் ஆடியதற்குச் சான்று அந்தப் படத்தில் இல்லை. இத்தகைய படங்கள் பழுதாவதன் காரணத்தையும், அதனைத் தவிர்க்கும் வழிகளையும் விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நடுப்பகல் வெயிலையும் இரவில் வீட்டு மண்டபத்தில் எரியும் மின்விளக்கையும் ஒப்பிட்டால், விளக்கொளி வெயிலின் ஆயிரத்தில் ஒரு பங்களவே தேறும். மனிதக் கண் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. கண்மணி விரிகின்றது, விழித்திரையின் உணர்ச்சி கூடுகின்றது, மூளை எஞ்சியதைச் சரிசெய்து கொள்கின்றது. கமராவுக்கு இத்தகைய சலுகை இல்லை. குறைந்த ஒளியைக் கொண்டு படத்தை நிரப்ப அதற்கு மூன்று வழிகளே உண்டு. ஷட்டர் என்னும் மூடியை நெடுநேரம் திறந்து வைக்கலாம். வில்லையின் துவாரத்தை அகலமாக்கலாம். ஒளியைப் பெறும் உணரியின் உணர்திறனைக் கூட்டலாம். கமராவைத் தானியங்கு முறையில் விட்டால், பெரும்பாலும் அது முதலாவது வழியிலேயே தாராளமாக நடந்துகொள்கின்றது. களரியில் எடுத்த படம் கெடுவதற்கு அந்தத் தாராளமே காரணம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. சாதாரணமாக நடந்து செல்லும் ஒருவர் ஒரு செக்கனில் ஏறத்தாழ 1.4 மீற்றர் தூரம் செல்கின்றார். மூடி ஒரு செக்கனின் அறுபதிலொரு பங்கு திறந்திருந்தால், அந்நேரத்தில் அவர் இரண்டே கால் சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். மனிதக் கண்ணொன்றின் அகலம் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். ஆகவே அவருடைய கண், தன் அகலத்தின் பெரும்பகுதிக்குப் படத்தில் இழுபட்டுவிடுகின்றது. வெறும் நடைக்கே இக்கதியென்றால், தாளம் விரைந்து சுற்றி ஆடும் ஆட்டத்துக்குக் கேட்கவேண்டியதில்லை. ஐந்நூறிலொரு செக்கனாக மூடியின் நேரத்தைக் குறைத்தால், நடப்பவரின் நகர்வு மூன்று மில்லிமீற்றருக்கும் கீழே வந்துவிடும். ஐந்து மீற்றர் தூரத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் அந்த அளவு மங்கலைக் கண் பொருட்படுத்தாது. அசையும் மாந்தரை எடுக்க முனைபவர் முதலிற் தீர்மானிக்கவேண்டியது மூடியின் நேரத்தையே. மற்றவை யாவும் அதற்குப் பின்னரே.

எல்லா அசைவும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கமராவுக்கு முன்னாற் குறுக்கே செல்பவரின் அசைவே படத்தில் மிகுதியாக இழுபடும். கமராவை நோக்கி நேரே வருபவரின் அசைவு அவ்வளவாகத் தெரிவதில்லை; அவருடைய உருவம் சற்றே பெரிதாகின்றது, அவ்வளவுதான். குறுக்கே செல்பவருக்கு ஐந்நூறிலொரு செக்கன் வேண்டுமாயின், நேரே வருபவருக்கு நூற்றிருபத்தைந்திலொரு செக்கன் போதும். மூடியை நான்கு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம். அதாவது நான்கு மடங்கு ஒளி இலவசமாகக் கிடைக்கின்றது. வட்டக்களரி இவ்வகையில் ஒளிப்படக்காரனுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். களரியைச் சுற்றி ஆடிவரும் ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை குறுக்கே செல்கின்றார். ஒருமுறை நேர்முகமாக வருகின்றார். எந்த இடத்தில் அவர் முகம் தன்பால் திரும்புகின்றது என்பதை இரண்டு சுற்றுகள் கவனித்துவிட்டு, மூன்றாஞ் சுற்றில் அவ்விடத்தை நோக்கிக் கமராவை ஆயத்தமாக வைத்திருப்பவன், ஓடி ஓடி எடுப்பவனிலும் நல்ல படங்களைப் பெறுவான். 1960ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து கூத்தினைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, கூத்தின் நேரம் சுருங்கியது, மின்னொளி கூடியது. அம்மேடையில் ஒளி கூடுதலாயினும், பார்ப்போர் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஆட்டக்காரர் பெரும்பாலும் குறுக்காகவே அசைவர். களரியில் ஒளி குறைவு, ஆனால் இடத்தைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரம் மிகுதி.

இன்னொரு சலுகையும் கூத்திலேயே உண்டு. ஆட்டம் இடையறாத ஓட்டமன்று. தாளக்கட்டு முடியும்போது தீர்மானம் வருகின்றது. காலடி விழுந்து உடம்பு ஒரு கணம் நிலைத்து நிற்கின்றது. துள்ளி எழும்பியவர் மேலே சென்று கீழே விழத் தொடங்குமுன், அந்த உச்சியிலும் ஒரு கணம் மேலசைவும் இல்லை, கீழசைவும் இல்லை. மத்தளத்தைக் காதாற் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்தக் கணம் வருமுன்னரே தெரிந்துவிடும். கூத்துப் பழகிய ஒருவனுடைய கையிற் கமரா இருந்தால், விலையுயர்ந்த கருவியுடன் வந்த வெளியூரானிலும் அவனுக்கே படம் வாய்க்கும். கண்ணாற் கண்டபின் பொத்தானை அழுத்தினாற் கணம் கடந்திருக்கும். தாளத்தைக் கேட்டு, அது விழுமுன்னரே அழுத்தவேண்டும்.

இந்த உபாயம் கருவியின் குறையிலிருந்து பிறந்தது என்பதற்கு ஒளிப்பட வரலாற்றிலேயே சிறந்த சான்றுண்டு. ஜேர்மனி நாட்டு டிரெஸ்டன் நகரில் ஏர்னமான் கம்பனியார் 1924ஆம் ஆண்டிலே ஏர்மனொக்ஸ் என்ற சிறிய கமராவை வெளியிட்டனர். லுட்விக் பேர்டெலெ என்பவர் வகுத்த அதன் வில்லை, எஃப் 2 என்னும் மிக அகன்ற துவாரத்தை உடையது. பின்னர் அது எஃப் 1.8 ஆக இன்னும் அகன்றது. விளக்கொளியிற் படமெடுக்கலாம் என்ற புதுமையே அதன் பெருமை. ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தட்டை மாற்றவேண்டும். அத்தட்டுகளின் உணர்திறனோ இன்றைய கணக்கில் அற்பம். பேர்லினைச் சேர்ந்த கலாநிதி எறிக் ஸலமொன் என்ற சட்ட அறிஞர் இக்கமராவைக் கைக்கொண்டார். 1928இல் நீதிமன்றமொன்றில் நடைபெற்ற கொலை வழக்கைத் தமது தொப்பிக்குள் மறைத்த கமராவினாற் படமெடுத்தார். அதன்பின் சர்வதேச மாநாடுகளுக்குள் நாகரிக உடையுடன் நுழைந்து, அமைச்சர்களை அவர்கள் அறியாத கணங்களிற் பிடித்தார். 1930 சனவரியில் ஹேக் நகரில் நடந்த மாநாட்டிலே, நள்ளிரவு கடந்தும் பேச்சு முடியாமல் நாற்காலிகளிற் சாய்ந்து அயர்ந்துவிட்ட அமைச்சர்களை அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தி பெற்றது.

அவரிடம் இருந்த வேகம் போதுமானதன்று. மூடியை ஒரு செக்கனின் கணிசமான பகுதி திறந்து வைத்தாலன்றி அந்த அறைகளிற் படம் விழாது. ஆகவே அவர் கமராவைத் தாங்கியில் நிலையாக இருத்திவிட்டுக் காத்திருந்தார். பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் நிற்கின்றாரே, கேட்பவர் தலையைச் சாய்த்துச் சிந்திக்கின்றாரே, அந்த இடைவெளிதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய படங்களிற் காணும் ஆழ்ந்த மௌனம் அவ்வாறு வந்ததே. இலண்டன் பத்திரிகையாசிரியர் ஒருவர் இத்தகைய படங்களுக்குக் கான்டிட் கமரா என்று பெயரிட, அப்பெயர் நிலைத்தது. ஸலமொன் யூதர். ஹிட்லரின் ஆட்சி வந்தபின் ஒல்லாந்திற் புகலடைந்தார். அந்நாடும் ஜேர்மன் படையின் கைப்பட, 1944இல் மனைவியுடனும் இளைய மகனுடனும் அவுஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார்.

இனித் துவாரத்தைப் பற்றிச் சிறிது. வில்லைகளிற் பொறித்திருக்கும் எஃப் 1.4, எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6 என்னும் எண்கள் முதலிற் குழப்பம் தருவன. எண் சிறிதாகத் துவாரம் பெரிதாகும். ஒவ்வொரு படியிலும் ஒளி இரட்டிக்கும். எஃப் 5.6இலிருந்து எஃப் 2க்கு வந்தால் மூன்று படிகள், எட்டு மடங்கு ஒளி. கமராவுடன் சேர்த்து விற்கப்படும் நீட்டிக் குறுக்கும் வில்லைகள், நீட்டிய நிலையிற் பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறவா. இரவுக் கூத்துக்கு அவை உதவா என்று துணிந்தே சொல்லலாம். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எஃப் 1.8 துவாரமும் உடைய நிலையான வில்லையைக் கமராக் கம்பனிகள் பலவும் தம் பட்டியலின் மலிவான வரிசையிலேயே விற்கின்றன. புதிய கமரா வாங்கப் பணஞ் சேர்ப்பவர், முதலில் இவ்வில்லையை வாங்குவது நன்று.

அகன்ற துவாரத்துக்கு விலையொன்று உண்டு. தெளிவாக விழும் ஆழம் குறுகிவிடும். 50 மில்லிமீற்றர் வில்லையை, 36 மில்லிமீற்றர் அகலமுள்ள உணரியுடன், எஃப் 2இல் வைத்து ஐந்து மீற்றரில் நிற்பவரைக் குவித்தால், முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் தெளிவாக இருக்கும். இரண்டு மீற்றருக்கு நெருங்கினாலோ, அந்த ஆழம் ஒரு சாணுக்கும் குறைந்துபோகும். ஆட்டக்காரர் ஒரு காலடி வைப்பதற்குள் அதனைக் கடந்துவிடுவார். ஆகையால் இருளில் எடுப்பவர் ஆவலால் மிக நெருங்காது, சற்று விலகி நிற்பதே விவேகம். தானியங்கு குவிப்பும் இருளில் தடுமாறும். முகத்தின் வழுவழுப்பான கன்னத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை; மணிகள் மின்னும் முடியின் விளிம்பிலோ, மார்புப் பதக்கத்திலோ குவித்தால் உடனே பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது வழி உணர்திறன். பிலிம் இருந்த காலத்தில் ஒரு சுருளைப் போட்டால் அது முடியும் வரை அதே உணர்திறன்தான். கொடாக் கம்பனி 1954இல் ட்ரை எக்ஸ் என்னும் விரைவுப் பிலிமை 35 மில்லிமீற்றர் அளவில் வெளியிட்டபோது, பத்திரிகைப் படக்காரர்கள் அதனை வரவேற்றமைக்கு இரவும் உள்ளறையும் அவர்களுக்குத் திறந்தமையே காரணம். இன்றைய டிஜிற்றல் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உணர்திறனை மாற்றலாம். ஐ.எஸ்.ஓ. 100இலிருந்து 3200க்கு ஏற்றினால் முப்பத்திரண்டு மடங்கு. ஆனால் உணர்திறனை ஏற்றுவதால் ஒளி கூடிவிடுவதில்லை. கிடைத்த சிறிதளவு ஒளி பெருக்கிக் காட்டப்படுகின்றது. அதனாற் படத்தில் மணலைத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். பலர் இப்புள்ளிகளுக்கு அஞ்சி, ஐ.எஸ்.ஓ. 800க்கு மேல் செல்லக்கூடாதென்று விரதம் பூண்டிருக்கின்றனர். வீண் அச்சம். மணல் தூவிய முகத்தை மகன் அடையாளம் காண்பான். இழுபட்ட முகத்தை யாராலும் மீட்க முடியாது. புள்ளிகளைப் பின்னர் கணினியிற் குறைக்கலாம். அசைவினாற் கெட்ட முகத்தை அவ்வாறு நம்பத்தக்க வகையிற் திருத்துதல் அரிது.

ஒரு கணக்கு இம்மூன்றையும் இணைத்துக் காட்டும். மண்டபத்து மின்விளக்கின் ஒளியில், எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் மூடி எட்டிலொரு செக்கன் திறந்திருக்கவேண்டும். ஆடுபவர் இருக்கட்டும், அமர்ந்து பேசுபவர் கூட அதில் தெளிவாக விழார். ஐ.எஸ்.ஓ. 3200 என்று மாற்றினால் இருநூற்றைம்பதிலொரு செக்கன் கிடைக்கும். 6400 என்றால் ஐந்நூறிலொன்று. அதே ஒளியில், அதே 3200இல், வில்லையை மட்டும் எஃப் 5.6க்கு மாற்றினால் முப்பதிலொன்றுக்கு வீழ்ந்துவிடும். களரியிலே குமிழ்கள் குறைவாயின் இதனிலும் ஒன்றிரண்டு படிகள் குறையக்கூடும். அப்போதுதான் தீர்மானக் கணமும் நேர்முகச் சுற்றும் கைகொடுக்கும். நூற்றிருபத்தைந்திலொன்றுக்குக் கீழே இறங்குவது ஆட்டத்துக்கு ஆகாது. மூடியையும் துவாரத்தையும் தாமே நிலைநிறுத்திவிட்டு, உணர்திறனை மட்டும் கமராவின் விருப்பத்துக்கு விடும் வசதி இன்றைய கமராக்கள் பலவற்றில் உண்டு. இரவுக் கூத்துக்கு இதுவே தோதானது.

ஆனால் அவ்வாறு விடும்போதும் கமராவின் அளவுமானி ஏமாறும் என்பதை மறக்கலாகாது. படத்தின் பெரும்பகுதி கரிய இரவாக இருந்தால், கமரா அந்த இரவையும் வெளிச்சமாக்க முயலும். முகம் வெளுத்து வெண்ணீறு பூசியதுபோல் ஆகிவிடும். ஒரு படி குறைத்து எடுக்கும்படி கட்டளையிட்டால், இரவு இரவாகவும் முகம் முகமாகவும் இருக்கும். அன்றியும் மீதமான ஒளியை மூடியின் வேகத்துக்குச் செலவிடலாம். மாறாக எரியும் குமிழே படத்துக்குள் வந்தால், முகங்கள் கரியாகும். குமிழ் கம்பத்தின் பின்னே மறையும்படி இரண்டடி விலகி நிற்பது எந்த அமைப்பிலும் மேலானது.

கமராவில் நடுக்கந் தடுக்கும் பொறி இருக்கின்றது என்று விற்பவர் சொல்வர். அப்பொறி எடுப்பவரின் கைநடுக்கத்தைத் தடுக்கும்; ஆடுபவரின் ஆட்டத்தைத் தடுக்காது. கைத்தொலைபேசிகளின் இரவு முறையும் அத்தகையதே. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதே அதன் வித்தை. கோபுரத்துக்கு அது நன்று; கூத்தாடுபவருக்கு நான்கு கைகளைத் தந்துவிடக்கூடும். தொலைபேசியில் எடுப்பவர்கள் இரவு முறையை நிறுத்திவிட்டு, மூடியின் நேரத்தைத் தாமே தெரியும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துவது நல்லது.

மின்குமிழிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது முறை அலைவது. அதனால் மலிவான எல்.ஈ.டி. குமிழ்களின் ஒளி செக்கனுக்கு நூறு முறை எழுந்து விழுகின்றது. கண்ணுக்கு இது புலனாகாது. ஐந்நூறிலொரு செக்கனில் எடுக்கும் கமராவுக்குப் புலனாகும்: அடுத்தடுத்து எடுத்த படங்களுள் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருண்டும், சிலவேளை ஒரே படத்திற் பட்டை பட்டையாகவும் இருக்கும். இதனைத் தவிர்க்கும் ஏற்பாடு புதிய கமராக்கள் சிலவற்றில் உண்டு. இல்லையேல் ஒரு கணத்துக்கு நாலைந்து படங்களாக எடுத்து நல்லதைத் தெரிந்துகொள்வதே வழி. பழைய பெற்றோல்மாக்ஸ் விளக்குக்கு இந்தக் குறை இல்லை.

பிளாஷ் என்னும் வெட்டொளியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மக்னீசியத் தூளை எரித்து ஒளியுண்டாக்கும் முறை 1887இல் ஜேர்மனியில் உருவானது. நியூயோர்க் நகரின் சேரிகளை அம்முறையிற் படமெடுத்த ஜேக்கப் றீஸ், படமெடுக்கச் சென்ற வீட்டுக்கே தீ வைத்துவிட்ட சங்கதியும் உண்டு. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பேராசிரியர் ஹறல்ட் எட்ஜேட்டன் மின்வெட்டொளியை வளர்த்தெடுத்து, ஆயிரத்திலொரு செக்கனிலும் குறைந்த நேரத்தில் அசைவை உறையச் செய்தார். அவ்வளவு குறுகிய ஒளியில் எந்த ஆட்டமும் இழுபடாது, மெய்தான். ஆனால் தூரம் இரட்டித்தால் அவ்வொளி நாலிலொன்றாகக் குறையும்: முன்னால் நிற்பவர் வெளுத்துப்போக, பின்னால் நிற்பவர் இருளில் மூழ்குவர். திறந்த களரியில் ஒளியைத் தட்டித் திருப்புவதற்குக் கூரையும் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, வடமோடியின் கனத்த உடுப்பையும் முடியையும் தாங்கிச் சுழலும் ஒருவரின் கண்ணில் அவ்வொளி பாய்ந்தால் அடி தவறலாம். சபையோருக்கும் அது இடைஞ்சல். திருமண மண்டபத்தில் வெண்ணிறக் கூரையை நோக்கி அதனைத் திருப்பி அடிப்பது வேறு சங்கதி. களரியில் அதனை அணைத்து வைப்பதே மரியாதை.

கூத்து முடியும் நேரத்தில் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். இரவு முழுவதும் உணர்திறனைத் தாமே 6400இல் நிறுத்தி வைத்திருந்தவர்கள் இவ்வேளையில் அதனை மறந்துவிடுவது வழக்கம். வானம் நீலமாகவும் குமிழின் ஒளி மஞ்சளாகவும் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், ஒளி நிமிடத்துக்கு நிமிடம் பெருகும். உணர்திறனைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே வரவேண்டும். விடிய விடிய ஆடியவரின் முகத்தில் மாவும் வியர்வையும் கலந்திருக்கும். முடியை இறக்கித் துணைக்கு நிற்பவர் கையிற் கொடுத்துவிட்டு அவர் களரியின் ஓரத்தில் அமருமுன், ஐ.எஸ்.ஓ. 800க்கு வந்துவிட்ட கமரா ஆயத்தமாக இருக்கட்டும்.